குவியலை அள்ளினால் நிலம் சுத்தமாகிவிடுமா?

(வாசுதேவநல்லூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தென்காசியும் இராணிப்பேட்டையும் 2019 நவம்பரில், சில நாள் இடைவெளியில் தனி மாவட்டங்களாகத் தொடங்கிவைக்கப்பட்டவை. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது, மற்றது பாலாற்றங்கரையில். எலுமிச்சையும் நெல்லும் விளையும் தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூரில் உட்கார்ந்துகொண்டு, தோல் தொழிலுக்குப் பெயர்போன இராணிப்பேட்டையைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு ஊருக்கும் கீழே கிடப்பது கடும்பாறை. இரண்டு ஊரிலும் கிணற்றுக்குத் தண்ணீர் வருவது மட்கிய பாறையின் ஈரத்திலிருந்தும், அதற்கடியில் உள்ள வெடிப்புகளின் ஊற்றுக்கண்ணிலிருந்தும்தான். அங்கே மண்ணுக்குள் நடந்தது இங்கே நடக்காது என்பதற்குப் பாறை எந்த உத்தரவாதமும் தரவில்லை. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நச்சுக் கழிவு கிடந்த நிலத்தைத் துப்புரவு செய்வது என்றால் கழிவை அள்ளிக்கொண்டு போவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேலையில் பாதிகூட இல்லை. நஞ்சு எங்கே கொட்டப்பட்டது என்பதைவிட எங்கே போயிருக்கிறது, எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதுதான் அந்த நிலத்தின் உண்மையான எல்லையைத் தீர்மானிக்கிறது. அந்தத் தடத்தைப் பின்தொடராத துப்புரவு, பட்டா எல்லைக்குள் முடிந்துபோகும் துப்புரவு.

இராணிப்பேட்டையில் நடந்ததை முதலில் பார்ப்போம். பாலாற்றின் தென்கரையில் ஆற்காடு, வடகரையில் இராணிப்பேட்டை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட தோலை, குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் பதனிட முடியும் என்றானபோது, அந்த உப்புக்குப் பெரிய தேவை பிறந்தது. அதைத் தயாரிக்க 1970களின் நடுவில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை அங்கே இயங்கத் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, கழிவு போகவில்லை. சுமார் ஒன்றரை லட்சம் டன், மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்கு, திறந்த வெளியில், அடியில் எந்தத் தடுப்புமில்லாமல் கிடந்தது. பிற்கால மதிப்பீடுகள் அதை இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் கொண்டுபோயின. உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதியது அந்தக் குவியலைப் பற்றி. படம் எடுக்க முடிவது அதைத்தான். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அளந்ததோ படத்தில் விழாததை. குவியலைச் சுற்றிய நிலத்தடி நீரில் லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை குரோமியம் இருப்பதாக அவர்கள் பதிவு செய்தார்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிப்பது 0.05 மில்லிகிராம். அதைப்போல 5,500 மடங்கு.

குரோமியம் இப்படி நீரில் கரைந்து நடப்பதற்குக் காரணம் ஆலைக்குள் நடந்த வேலையிலேயே இருக்கிறது. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து சூளையில் வறுத்து, பிறகு தண்ணீர் ஊற்றி வடித்தெடுப்பார்கள். வறுக்கும்போது பாறைக்குள் அசையாமல் கிடந்த குரோமியம்-3, தண்ணீரில் கரையும் குரோமியம்-6 ஆக மாறுகிறது. வடித்தது போக எஞ்சும் சக்கையிலும் கரையக்கூடியது கொஞ்சம் தங்கிவிடும். ஒவ்வொரு மழையும் ஆலை விட்ட வேலையைத் தொடர்ந்து செய்கிறது, சக்கையை மறுபடி வடிக்கிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. கரைந்த குரோமியம்-6ம் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் நஞ்சு மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு கூடவே நடக்கிறது. குரோமியம்-3 அப்படியல்ல, சாதாரண மண்ணில் படிந்து நின்றுவிடும். ஒரே உலோகம், ஒரு வடிவத்தில் நடக்கிறது, இன்னொரு வடிவத்தில் அமர்ந்துவிடுகிறது. ஆகவே “மண்ணில் குரோமியம் எவ்வளவு?” என்று கேட்டு ஓர் எண்ணை வாங்கிக்கொண்டால் ஒன்றும் தெரிந்துகொண்டதாகாது. எந்த வடிவம், எந்தத் திசையில் என்று கேட்க வேண்டும். குரோமியம்-6 கரைந்த நீரின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஒதுங்கிவிடலாம் என்பதும் நடக்காது. கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்கு வெகுமுன்பே தண்ணீர் குடிநீர் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

தடம் பார்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து, மூன்றையும் இணைத்தால் சரிவு தெரியும். தரையின் சரிவு கிழக்கே இருக்க, பாறை வெடிப்பின் போக்கில் நீர் வடக்கே ஓடலாம். பக்கத்தில் ஆழமான போர் போட்டு இரவுபகலாக மோட்டார் ஓட்டினால், நீர் இயற்கைச் சரிவை விட்டுவிட்டு அந்தப் போரை நோக்கித் திரும்பும். மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. கண்காணிப்புக் கிணற்றில் முதலில் அளவுநாடாவை இறக்கி நீர்மட்டத்தைக் குறிக்கிறார்கள். பிறகு குழாய்க்குள் நாள்கணக்கில் தேங்கி நின்ற தண்ணீரை இறைத்துக் கொட்டுகிறார்கள். வெளியே வரும் நீரின் கார அமிலத் தன்மையும் மின்கடத்து திறனும் மாறாமல் நிலைக்கும்போதுதான் புது ஊற்று வருகிறது என்று பொருள். அப்போதுதான் குப்பியில் பிடிக்கிறார்கள். வாளியை விட்டு மொண்ட தண்ணீர் குழாயின் கதையைச் சொல்லும், பாறையின் கதையைச் சொல்லாது. ஒரே இடத்தில் மேலே மட்கிய பாறைக்கு ஒன்று, கீழே வெடிப்புக்கு ஒன்று எனத் தனித்தனி ஆழத்தில் கிணறுகள் வேண்டும். பருவமழைக்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும். கோடையில் தாழ்ந்து கிடக்கும் நீர்மட்டம் ஐப்பசி கார்த்திகையில் மேலேறி, குவியலின் அடியையே தொட்டு நனைக்கக்கூடும். கோடையில் மட்டும் எடுத்த மாதிரி அந்த மாதங்களைப் பற்றி வாய் திறக்காது.

இப்படி அளந்து, கணினி மாதிரியில் இட்டுப் பார்த்து, இராணிப்பேட்டை ஆய்வாளர்கள் சொன்ன வேகம் ஆண்டுக்குச் சுமார் பத்து மீட்டர். முதல் மறுப்பு இங்கேதான் எழுகிறது. பத்து மீட்டர்தானே? நத்தை வேகம், ஆற்றைத் தொட எத்தனையோ காலம் ஆகும், அதற்குள் எதற்கு இவ்வளவு கூச்சல் என்கிறார்கள். இதற்கு மூன்று பதில்கள் உண்டு. பத்து மீட்டர் என்பது சராசரி. கடும்பாறையில் நீர் சராசரியாக ஓடுவதில்லை. மட்கிய பகுதியில் ஊர்ந்து செல்வது, வெடிப்பு கிடைத்த இடத்தில் விரைகிறது. எந்தக் கிணற்றுக்கு அந்த வெடிப்பு வழிகாட்டுகிறது என்பதைச் சராசரி சொல்லாது. அடுத்து, மண்ணுக்குள் மெதுவாக நடக்கும் அதே நஞ்சு, மண்ணுக்கு மேலே மழைநீரோடு ஓடும்போது ஆண்டுகளை எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நல்ல மழையில் சில மணி நேரத்தில் ஓடைக்கும் ஏரிக்கும் இறங்கிவிடும். கடைசியாக, மெதுவாக வருவது மெதுவாகத்தான் போகும். முப்பது ஆண்டுகளாக ஊர்ந்து முந்நூறு மீட்டர் பரவிய நஞ்சை, மேலே இருக்கும் குவியலை ஒரே மாதத்தில் அகற்றிவிட்டதால் மட்டும் பாறை துப்பிவிடாது. பாறையின் நுண்துளைகளுக்குள் ஊறியது, நல்ல தண்ணீர் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக் கசியும். அதனால் வேகக் குறைவு அலட்சியத்துக்குக் காரணமாகாது. அடுத்து எந்தக் கிணறு என்று முன்கூட்டியே சொல்ல அது நேரம் தருகிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் அது நம் தவறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமாக ஒலிக்கும். “வீடு எரிகிறபோது தீ எந்தப் பக்கம் பரவும் என்று ஆராய்ச்சியா? முதலில் குவியலை அகற்றுங்கள், அல்லது மூடுங்கள், ஆராய்ச்சி பிறகு” என்கிறார்கள். குவியலை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஊற்றுவாயை அடைக்காமல் வாய்க்காலைத் துடைத்துப் பயனில்லை. ஆனால் தடம் பார்க்காமல் மூடுவதும் அள்ளுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இராணிப்பேட்டையின் உடன்பிறப்பு போன்ற ஒரு வழக்கு அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள ஜெர்சி நகரத்தில், ஹேக்கன்சாக் ஆற்றங்கரையில், இதே குரோமியச் சக்கையை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கொட்டினார்கள். ஏறத்தாழ 34 ஏக்கரில் 15 லட்சம் டன். மலிவாகக் கிடைத்ததால் பள்ளம் நிரப்பவும் அதே சக்கை அந்த வட்டாரம் முழுவதும் போயிற்று. பிற்காலத்தில் கட்டடச் சுவர்களில் மஞ்சள் பச்சை உப்பாகப் பூத்தது. ஆற்றங்கரைக் கொட்டிடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பாலும் தார்ப்பரப்பாலும் மூடிப் பார்த்தார்கள். அந்தச் சக்கை உப்பி மேலெழும்பும் தன்மை கொண்டது. மூடியை அதுவே விரிசல் விடச் செய்யும். மேலிருந்து இறங்கும் மழையை மூடி தடுத்தாலும், பக்கவாட்டில் ஓடும் நிலத்தடி நீரை அது தடுக்காது. அந்த நீர் சக்கைக்குள் புகுந்து ஆற்றுக்குள் வெளியேறிக்கொண்டே இருந்தது. குடிமக்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் 2003இல் முழுவதையும் தோண்டி அகற்றச் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. தோண்டி முடித்த பிறகும் ஆழ்நிலை நீருக்கும் ஆற்றுப்படுகை வண்டலுக்கும் தனித்தனியே ஏற்பாடு தேவைப்பட்டது. மூடியது போதுமா என்ற கேள்விக்கு விடை, நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற அளவையில் இருந்தது. அதை முதலிலேயே மதித்திருந்தால் மூடிக்கான செலவும் காலமும் மிஞ்சியிருக்கும்.

எல்லா நஞ்சும் தண்ணீர் வழியாகத்தான் போகும் என்று எண்ணிக்கொள்வதும் ஆபத்து. கொடைக்கானல் வெப்பமானி ஆலை இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு 1980களின் தொடக்கத்தில் அமைந்த அந்த ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைகண்ணாடிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததைப் பொதுமக்களும் சூழலியல் அமைப்புகளும் 2001 மார்ச்சில் வெளிக்கொண்டுவந்த பிறகு அது மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு 290 டன் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. கண்ணுக்குத் தெரிந்தது போய்விட்டது. மண்ணை முழு அளவில் சுத்திகரிக்கும் வேலைக்கு வருவதற்கோ மேலும் 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பாதரசம் அங்கே இரண்டு வழியில் நடந்தது. மண்துகளில் ஒட்டிக்கொண்டு சரிவில் பாம்பார் சோலையை நோக்கி இறங்கியது ஒன்று. அதனால்தான் வண்டலைத் தடுத்து நிறுத்தும் தடுப்புகள் முக்கியமாயின. ஆவியாகிக் காற்றேறிப் போனது மற்றொன்று. ஹைதராபாத்தின் வேறோர் ஆய்வகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. தொலைவிலுள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளில் அதைவிடக் குறைவு. கொடைக்கானல் ஏரியின் பாதரசத்துக்கு ஆலை உமிழ்ந்ததே காரணம் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். குரோமியத்துக்குக் கிணறு தோண்டிப் பார்த்தால் தடம் கிடைக்கும். பாதரசத்துக்குப் பாசியையும் வண்டலையும் மீனையும் பார்க்க வேண்டும். எல்லா நிலத்துக்கும் ஒரே ஆய்வுப் படிவத்தை நிரப்பி அனுப்பும் வழக்கம் இங்கே தோற்றுப்போகிறது.

மூன்றாவது மறுப்பு விஞ்ஞான உடையில் வருகிறது. பாறையிலேயே இயற்கையாகக் குரோமியம் உண்டு, எல்லாப் பழியையும் ஆலை மேல் போடாதீர்கள் என்பது ஒரு வாதம். இயற்கையே குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக மாற்றிவிடும், காத்திருங்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரும்புச் சத்தும் மட்கிய தழையும் உள்ள மண் அந்த மாற்றத்தைச் செய்யத்தான் செய்கிறது. மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் அது மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பவும் கூடும். ஆகவே எந்த மண்ணில் எது நடக்கிறது என்பது அளந்து தீர்க்க வேண்டிய கேள்வி. கலிபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில், எரிவாயு நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களில் துருப்பிடிக்காமலிருக்க 1952 முதல் 1966 வரை குரோமியம்-6ஐப் பயன்படுத்தி, கழிவுநீரைத் தடுப்பில்லாத குட்டைகளில் விட்டார்கள். 1996இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 33.3 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த திரைப்படம் வழியாக உலகம் அறிந்த வழக்கு அது. படம் முடிந்த பிறகும் கண்காணிப்புக் கிணறுகள் முடியவில்லை. எது பாறையிலிருந்து வந்தது, எது நிலையத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல அமெரிக்க நிலவியல் ஆய்வகம் ஒரு தனி ஆய்வையே நடத்தி 2023இல் வெளியிட்டது. இதற்குக் கருவிகள் இருக்கின்றன. குளோரைடு போல வழியில் மாறாத உப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், குரோமியம் குறைந்தது வெறும் நீர்த்துப்போனதாலா என்று தெரியும். குரோமியத்தின் கனமான, இலேசான அணுக்களின் விகிதத்தைப் பார்த்தால் உண்மையிலேயே வடிவம் மாறியதா என்று தெரியும். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பவர் அதை நிரூபிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். தடம் பார்க்காமல் அந்த நிரூபணம் கிடையாது.

நான்காவது மறுப்பு பணத்தைப் பற்றியது. ஆலை போய்விட்டது, முதலாளியைக் காணோம், அரசிடம் இருக்கும் காசில் இருபது கிணறு தோண்டவா, குவியலை அகற்றவா? இதற்குச் சட்டத்தின் பதில் அதே பாலாற்றங்கரையிலிருந்து வந்தது. தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஐயமிருந்தால் முன்னெச்சரிக்கையே முறை என்ற இரண்டு நெறிகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. மாசுபடுத்தியவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் நஞ்சின் தடம்தான் சாட்சி. தடம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் பக்கத்து ஆலையைக் கைகாட்டுவார்கள், செலவு பொதுமக்கள் தலையில் விழும். அதனால் தடம் பார்க்கும் செலவு, துப்புரவுச் செலவை உரியவரிடம் வாங்கித் தரும் செலவு. தோண்ட வேண்டிய மண்ணையும் தோண்ட வேண்டாத மண்ணையும் பிரித்துக் காட்டுவதால் அது மொத்தச் செலவையும் குறைக்கிறது.

மாசடைந்த நிலங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. நாட்டில் இப்படி 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தும் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்த நிலையில் அது வரவேற்கத்தக்க அடி. பொறுப்பாளியைக் கண்டறிந்து செலவை வாங்கவும் விதி வழிசெய்கிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சந்தேகத்துக்குரிய நிலத்தை மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்டமாக ஆராய வேண்டும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவாக ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். ஆக மொத்தம் ஆறு மாதம். கோப்பு தூங்கிவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம் புரிகிறது. ஆனால் தை மாதத்தில் தொடங்கிய ஆய்வு ஆனியில் முடிந்தால், வடகிழக்குப் பருவமழையில் அந்த நிலத்தடி நீர் என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமலே முடிந்துவிடும். மாசு இருக்கிறதா என்று சொல்ல ஆறு மாதம் போதும். மாசு எங்கே போகிறது என்று சொல்ல ஒரு முழு ஆண்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சேர்ந்த ஆண்டு வேண்டும். முடிவை ஆறு மாதத்தில் அறிவித்துவிட்டு, கண்காணிப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்வதாக ஏற்பாடு செய்தால் இரண்டு நோக்கமும் நிறைவேறும்.

கடைசியாக, இது நம் ஊர்ப் பிரச்சினை இல்லை என்ற எண்ணம். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி பக்கம் கொடகநல்லூர் வட்டாரத்தில் கொட்டப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டதால் கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிச் சென்றது. நீதி விரைவாகக் கிடைத்தது. லாரிகள் புறப்பட்ட படம் வந்ததும் ஊர்ப் பேச்சும் ஓய்ந்தது. அந்த மண்ணில் எது இறங்கியது, அடுத்த கிணறு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, மழைக்குப் பிறகு அதன் தண்ணீரை யார் பார்ப்பார்கள் என்பவை நம் பொதுப் பேச்சில் இடம்பெறவே இல்லை. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் இன்னும் நெருக்கமானவை. குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசி நகரைக் கடந்து தாமிரபரணியில் சேர்கிறது. இங்கே ஓடைக்கரையில் கொட்டியது கீழே வேறொருவர் குடத்தில் ஏறும். நம் ஏரிகள் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக அமைந்தவை. தண்ணீருக்குப் போட்ட வழி நஞ்சுக்கும் வழி.

ஆகவே ஒரு நிலம் துப்புரவாகிவிட்டது என்று யார் அறிவித்தாலும் நாம் கேட்க வேண்டியவை இவை. கொட்டிய இடத்துக்கு வெளியே, நீர் இறங்கும் திசையில், எத்தனை கிணறுகளில் பார்த்தீர்கள்? மழைக்கு முன்பும் பின்பும் பார்த்தீர்களா? நஞ்சு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொன்னீர்களா? குவியல் போன பிறகு எத்தனை ஆண்டு தொடர்ந்து அளக்கப் போகிறீர்கள்? அந்த எண்களை ஊராட்சி அலுவலகப் பலகையில், ஊரார் படிக்கும்படி தமிழில் ஒட்டுவீர்களா? இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அளவுநாடாவும் கண்காணிப்புக் கிணறும் ஆய்வகமும் நம்மிடமே இருக்கின்றன, இராணிப்பேட்டையில் அவற்றைக் கொண்டு அளந்தும் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு எண்ணோடு பதில் கிடைத்தால் அதைத் துப்புரவு என்று ஏற்றுக்கொள்ளலாம். கிடைக்காதவரை, நடந்தது இடமாற்றம் மட்டுமே என்று சொல்லும் உரிமை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.